14,49,087: ஒரு செப்பேட்டு எண்ணின் மீதிகள்

1. செப்பேட்டில் ஓர் எண்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், முன்சிறைக்கு அருகே உள்ள சிற்றூர் பார்த்திவபுரம். ஒன்பதாம் நூற்றாண்டில் இது ஆய் மன்னர்களின் நாடு. கோக்கருநந்தடக்கன் என்னும் ஆய் அரசன் முன்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து இந்த இடத்தைப் பெற்றான். இங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்கள் (மாணவர்கள்) தங்கிக் கற்கும் சாலை ஒன்றையும் நிறுவினான். இச்செய்திகளைச் சொல்லும் செப்பேடு பிற்காலத்தில் திருவனந்தபுரம் ஹுசூர் அலுவலகத்தில் இருந்ததால் அந்த அலுவலகத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. திருவிதாங்கூர் தொல்லியல் தொடரின் முதல் தொகுதியில் து. அ. கோபிநாத ராவ் அதைப் பதிப்பித்தார்.

இந்தச் செப்பேட்டை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் சாலையின் பக்கமே நின்றிருக்கிறார்கள். அது வேதக் கல்விக்கூடமா, படைப்பயிற்சி நிலையமா, வெறும் ஊட்டுப்புரையா என்ற விவாதம் நீளமானது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனியே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். செப்பேடு காலத்தைக் குறிக்கும் விதம் அந்த அளவு கவனம் பெறவில்லை. அது கலியுகத் தொடக்கம் முதலான நாள்களின் தொகையைச் சொற்களால் எழுதுகிறது. பதினான்கு நூறாயிரம், நாற்பத்தொன்பதினாயிரம், எண்பத்தேழு. இன்றைய முறைப்படி 14,49,087. வரலாற்று நூல்கள் இதை 'கி.பி. 866' என்று மாற்றி எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. ஆண்டு கிடைத்ததும் எண்ணின் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுகிறார்கள்.

இக்கட்டுரை அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஏழிலக்கமுள்ள ஒரு முழு எண் என்ற முறையில் அதன் கணிதப் பண்புகள் எவை, அவற்றுள் வரலாற்றுக்குப் பொருள் தருபவை எவை என்பதே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த எண்ணின் பொருள் அதன் இலக்கங்களிலோ காரணிகளிலோ இல்லை. குறிப்பிட்ட சில எண்களால் அதை வகுக்கும்போது விழும் மீதிகளில் இருக்கிறது. மீதிகளைக் கையாளும் கணக்கு முறை ஒன்று தென்கோடிக் கடற்கரை வரை புழக்கத்தில் இருந்தது என்பதற்கு இந்த எண் சான்று. அதற்கு மேல் அதிலிருந்து பெறக்கூடியவை குறைவு.

2. இருவகை எளிய வாசிப்புகள்

இந்த வகை எண்களைப் பார்க்கும்போது இரண்டு எதிர்வினைகள் வழக்கமாக எழுகின்றன. ஒன்று வியப்பு: நம் முன்னோர் கி.மு. 3102 முதல் ஒரு நாள்கூட விடாமல் எண்ணிவந்திருக்கிறார்கள், அந்தத் தொடர்ச்சியின் 14,49,087ஆம் கண்ணிதான் செப்பேட்டில் பதிந்திருக்கிறது என்பது. மற்றொன்று அலட்சியம்: அரசர்களின் வம்சத்தைச் சந்திரனிலிருந்தும் சூரியனிலிருந்தும் தொடங்கும் பிரசத்தி (புகழுரை) மரபில் பெரிய எண்ணும் ஓர் அலங்காரமே, அதன் கடைசி இலக்கம் வரை பொருள் தேடுவது வீண் என்பது.

முதல் வாசிப்பைத் தகர்க்கும் சான்று இந்திய வானியல் நூல்களிலேயே இருக்கிறது. கலியில் 3,600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்கிறார் ஆரியபடர். அது கி.பி. 499. கலியின் தொடக்கத்தைக் கோள்கள் எல்லாம் ஒருங்கே மேடத்தின் முதல் புள்ளியில் நின்ற கணமாக வைத்துக்கொண்டு, சராசரி வேகங்களைப் பின்னோக்கி ஓட்டிக் கட்டிய காலத்தொடக்கம் கி.மு. 3102. உண்மையில் அன்று கோள்கள் அப்படி ஒரே புள்ளியில் நிற்கவில்லை. ஓரளவு நெருங்கியிருந்தன, அவ்வளவே. ஆரியபடரின் கணக்கில் ஒரு மகாயுகத்துக்கு 43,20,000 ஆண்டுகள். அவற்றில் நாள்கள் 157,79,17,500. இதன்படி 3,600 ஆண்டுகளுக்கு 13,14,931 நாள்களும் கால் நாளும் வரும். செப்பேட்டு எண்ணில் முதல் பதின்மூன்று லட்சத்துச் சொச்சம் நாள்களை அன்றன்று எண்ணியவர் யாருமில்லை என்பது இதன் பொருள். அவை பின்னால் வந்த ஒருவர் பெருக்கி வகுத்துப் பெற்ற நாள்கள். மிச்சமுள்ள 1,34,156 நாள்களும் யாரோ கோடு கிழித்து எண்ணியவை என்று கொள்ளத் தேவையில்லை. எந்த நாளிலும் புதிதாகக் கணித்துப் பெறக்கூடிய எண்ணை ஏன் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்?

இரண்டாம் வாசிப்பு இவ்வளவு எளிதில் விழாது. அதற்கு எண்ணின் உள்ளே போக வேண்டும்.

3. காரணிகள் சொல்லாதவை, மீதிகள் சொல்பவை

ஒரு பெரிய முழு எண் கிடைத்தால் இன்றைய கணித மாணவர் முதலில் அதைக் காரணிப்படுத்துவார். இலக்கங்களின் கூட்டுத்தொகை 33. ஆகவே 3 வகுக்கும். எஞ்சும் 4,83,029ஐச் சிறிய பகா எண்கள் எதுவும் வகுக்கவில்லை. 409 வரை போன பிறகுதான் அது பிளக்கிறது: 409 × 1,181. இரண்டுமே பகா எண்கள். எனவே 14,49,087 = 3 × 409 × 1,181. வகுத்திகள் எட்டு. வர்க்கக் காரணி ஏதும் இல்லை. எண் சோதிடத்தில் ஈடுபாடுள்ளவர்கள் மூன்றை மும்மூர்த்திகளுடன் இணைத்து ஏதாவது சொல்லக்கூடும். 409ஐயும் 1,181ஐயும் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அடுத்த நாளின் எண்ணான 14,49,088க்கு முற்றிலும் வேறு காரணிகள் உண்டு. நாள் என்பது ஒன்றைக் கூட்டிக்கொண்டே போவது. காரணிகளோ பெருக்கலைச் சேர்ந்தவை. கூட்டலால் வளரும் தொடர் ஒன்றின் தனி உறுப்பைக் காரணிப்படுத்துவதால் காலத்தைப் பற்றி எதுவும் கிடைக்காது.

மீதிகளின் நிலை வேறு. நாள்கள் கூடிக்கொண்டே போனாலும் வாரம், மாதம், ஆண்டு ஆகியவை சுழல்பவை. சுழலும் ஒன்றில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்வது அந்தச் சுழற்சியின் நீளத்தால் வகுத்தபின் எஞ்சும் மீதியே. ஏழால் வகுத்தால் ஈவு 2,07,012, மீதி 3. கலியின் தொடக்க நாள் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. கழிந்த நாள்களின் எண்ணிக்கை என்று கொண்டால் மீதி 0 வெள்ளியையும் 1 சனியையும் 2 ஞாயிற்றையும் 3 திங்களையும் குறிக்கும். இதே எண்ணுடன் 5,88,466ஐக் கூட்டினால் இன்றைய வானியலார் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண் 20,37,553 வருகிறது. அது ஜூலியன் நாள்காட்டியில் 866 ஜூலை 8, அதுவும் திங்கள்தான். ஐரோப்பாவில் ஸ்காலிகர் என்ற அறிஞர் இந்த ஜூலியன் நாள் எண்ணுக்கு அடிப்படையான ஜூலியன் காலச்சுற்றை முன்வைத்தது 1583இல். ஆண்டு, மாதம், அரசர் என எதையும் சாராமல் நாள்களை மட்டும் ஒரே கோட்டில் வைக்கும் எண்ணம் பார்த்திவபுரத்தில் அதற்கு எழுநூறு ஆண்டுகள் முன்னரே செம்பில் ஏறிவிட்டது. மாயா நாகரிகத்தாரின் நெடுங்கணக்கும் இதே வகையைச் சேர்ந்தது என்பதால் இதை நமக்கே உரிய சாதனை என்று சொல்ல முடியாது.

சூரியனுக்கு வருவோம். ஆரியபடரின் 157,79,17,500, 43,20,000 ஆகிய இரு எண்களுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 7,500. அதால் இரண்டையும் சுருக்கினால் 2,10,389 நாள்களுக்கு 576 ஆண்டுகள் என்ற விகிதம் கிடைக்கிறது. முதலாம் பாஸ்கரரின் வழிவந்த கணியர்களுக்கு நன்கு பழக்கமான இணை இது. இனி 14,49,087ஐ 2,10,389ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 1,86,753. ஆறு முழுச் சுற்றுகளுக்கு 3,456 ஆண்டுகள். மீதியை 576ஆல் பெருக்கி மீண்டும் 2,10,389ஆல் வகுத்தால் ஈவு 511, மீதி 60,949. ஆக மொத்தம் 3,967 ஆண்டுகள் கழிந்து, 3,968ஆம் ஆண்டு நடக்கிறது. கடைசி மீதியான 60,949 அந்த ஆண்டில் சூரியன் கடந்துவிட்ட பகுதியைக் காட்டுகிறது: 2,10,389இல் 60,949 பங்கு, பாகைக் கணக்கில் 104 பாகை 17 கலை. மேடம், ரிஷபம், மிதுனம் ஆகிய மூன்று ராசிகளுக்கு 90 போக, சராசரிச் சூரியன் கர்க்கடகத்தில் 14 பாகையைத் தாண்டி நிற்கிறது. ஆடி மாதத்தின் நடுவாக்கு. தென்மேற்குப் பருவமழை நடுவே கோயிலுக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

இந்த எண்ணிடம் கேட்கத்தக்க முக்கியக் கேள்வி இங்கேதான் எழுகிறது. நமக்கு 14,49,087 தெரியாது, இரண்டு மீதிகள் மட்டுமே தெரியும் என்று வைத்துக்கொள்வோம்: ஏழால் வகுத்தால் 3, சூரியக் கணக்கில் 60,949. இவற்றிலிருந்து மூல எண்ணை மீட்க முடியுமா? ஆரியபடர் சூத்திரமாகச் சொல்லி, பாஸ்கரர் விரித்த குட்டகம் என்னும் முறை இதற்காகவே உள்ளது. நாள் எண்ணை 576ஆல் பெருக்கி 2,10,389ஆல் வகுத்தால் 60,949 மிஞ்ச வேண்டும். இதை நிறைவு செய்யும் மிகச் சிறிய எண் 1,86,753. அதனுடன் 2,10,389ஐ எத்தனை முறை கூட்டினாலும் அவையும் பொருந்தும். இவற்றுள் ஏழால் வகுக்க 3 மிஞ்சுவது எது? 1,86,753 ஏழால் மீதியின்றி வகுபடுகிறது. 2,10,389ஐ வகுத்தால் 4 மிஞ்சுகிறது. நான்கின் எந்த மடங்கை ஏழால் வகுத்தால் 3 மிஞ்சும்? ஆறாம் மடங்கு, 24. எனவே ஆறு முறை கூட்ட வேண்டும்: 1,86,753 + 12,62,334 = 14,49,087. அடுத்த விடை இதிலிருந்து 14,72,723 நாள்கள் தள்ளி, அதாவது 4,032 ஆண்டுகள் கழித்தே வரும். கலியில் இன்னும் 4,032 ஆண்டுகள்கூட நிறையாத 866இல் வாழ்ந்த ஒருவருக்குக் கிழமையும் சூரியனின் மீதியும் சேர்ந்தால் விடை ஒன்றே ஒன்றுதான். எண் பெரியதாக இருந்தாலும் அதன் உள்ளடக்கம் இரண்டு சிறு மீதிகளுக்குள் அடங்கிவிடுகிறது. 14,49,087இன் கணிதப் பண்புகளில் வரலாற்றாசிரியருக்கு வேண்டியது இதுவே என்பது என் கருத்து.

4. எண்ணைப் பெற்ற வழி

மேலே கண்டது எண்ணின் அமைப்பு. அதைப் பெற்றவர்கள் நடந்த வழி வேறு. அகர்க்கணம், அதாவது நாள் தொகை, காணும் வழக்கமான விதி சந்திர மாதங்களின் வழியே செல்கிறது. கழிந்த ஆண்டுகள் 3,967. பன்னிரண்டால் பெருக்க 47,604 மாதங்கள். நடப்பாண்டில் கழிந்தவை மூன்று; சேர்த்தால் 47,607. சந்திர மாதம் சூரிய மாதத்தைவிடக் குறுகியது என்பதால் இடையிடையே அதிமாதங்கள் விழும். மகாயுகத்தின் 5,18,40,000 சூரிய மாதங்களுக்கு அதிமாதங்கள் 15,93,336 என்ற விகிதத்தில் 47,607க்கு 1,463. கூட்டினால் 49,070 சந்திர மாதங்கள். முப்பதால் பெருக்கினால் 14,72,100 திதிகள். நடப்பு மாதத்தில் கழிந்த 21 திதிகளையும் சேர்க்க 14,72,121. திதி நாளைவிடச் சற்றுக் குறுகியது. ஆகவே சில திதிகள் கணக்கில் விழுந்துபோகும். மகாயுகத்தின் 160,30,00,080 திதிகளில் விழுபவை 2,50,82,580 என்ற விகிதப்படி நமக்கு 23,034. கழித்தால் 14,49,087.

விடை இலக்கம் பிசகாமல் வருகிறது. ஆனால் இதைக் காட்டிவிட்டுக் கைதட்டுவது நேர்மையாகாது. 21 திதிகள் என்பதை நான் செப்பேட்டு எண்ணிலிருந்தே பின்னோக்கிப் பெற்றேன். அந்த எண்ணை ஆரியபடரின் சராசரிச் சந்திர மாதத்தால் வகுத்தால் 49,070 மாதங்களுக்குப் பிறகு முப்பதில் 21.7 பங்கு கழிந்திருக்கிறது. அதாவது தேய்பிறை ஏழாம் திதி நடக்கிறது. இட்ட திதியே நாளாகத் திரும்பி வருவதில் அதிசயம் ஏதுமில்லை. இந்தக் கணக்கு காட்டுவது வேறொன்று. 1,463, 23,034 ஆகிய இரண்டும் யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாத தொகைகள். நான்காயிரம் ஆண்டுகளில் எத்தனை அதிமாதங்கள் வந்தன என்று எந்தக் கோயில் ஏடும் சொல்லாது. விகிதமும், பெருக்கலும், மீதியை விட்டு ஈவை எடுக்கும் ஒழுங்கும் இல்லாமல் இந்த ஏழிலக்கத்தை யாராலும் எட்ட முடியாது. வெறும் 365¼ நாள் ஆண்டை வைத்துக்கொண்டு முயன்றிருந்தால் 3,967 ஆண்டுகளில் ஏறத்தாழ 34 நாள்கள் விலகிப் போயிருக்கும்.

5. துல்லியமும் துல்லியத் தோற்றமும்

அலட்சிய வாசிப்பின் வலுவான வடிவம் இங்கே எழுகிறது. கடைசி இலக்கம் வரை எழுதப்பட்ட எண் துல்லியமானது என்று எப்படிச் சொல்வது? பொய்யான எண்ணும் ஏழு இலக்கங்களுடன் அழகாகவே இருக்கும். எண் தன் சரித்தன்மைக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. இது சரியான ஆட்சேபம். 'இவ்வளவு நுட்பமான எண்' என்று வியப்பவர்கள் எல்லோரும் இதைச் சந்தித்தாக வேண்டும்.

என் பதில், எண்ணைவிட அதைத் தந்த விதியின் இயல்பைச் சார்ந்தது. அகர்க்கண விதியில் ஈவுகளை எடுத்து மீதியை விடும் இடங்கள் இரண்டு இருப்பதால் ஒரு நாள் கூடவோ குறையவோ வர வாய்ப்புண்டு என்பது கணியர்களுக்குத் தெரியும். ஆகவே விதியின் இறுதிப் படி எப்போதும் ஒரு சோதனை: கிடைத்த எண்ணை ஏழால் வகுத்து, மீதி இன்றைய கிழமையோடு பொருந்துகிறதா என்று பார், பொருந்தாவிட்டால் ஒன்றைக் கூட்டு அல்லது கழி. நடக்கும் நாளுக்குக் கணக்கிடுபவருக்குக் கிழமை தெரியாமல் இருக்காது. இந்தச் சோதனையைத் தாண்டித் தப்பக்கூடிய பிழை ஏழின் மடங்காக மட்டுமே இருக்க முடியும். ஏழு நாள் பிழை என்றால் சந்திரன் வானில் கால் சுற்று தள்ளி நிற்க வேண்டும். தேய்பிறை ஏழாம் நாளையும் அமாவாசையையும் மாற்றிப் பார்க்க யாராலும் முடியாது. கிழமை, பிறை என்ற இரண்டு சோதனைகளை அந்த நாளே இலவசமாகக் கொடுக்கிறது. எண் துல்லியமானது என்று இதனால் நிரூபணம் ஆகாது. ஆனால் விதியைப் பின்பற்றிய ஒருவர் பெருந்தவறு செய்வது கடினம் என்பது நிலைபெறுகிறது. அலங்காரத்துக்காக எழுதப்படும் எண்ணுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

பொறிக்கும்போது நேரும் பிழைக்கும் இதே ஏழு ஓரளவு காவல். பத்தின் எந்த அடுக்கையும் ஏழு வகுக்காது; ஆகவே ஓர் இலக்கம் மாறினால் அந்த மாற்றம் சரியாக ஏழாக இருந்தாலொழியக் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அவற்றின் வித்தியாசம் ஏழு இல்லையென்றால் பிடிபடும். 14,49,087இல் அப்படி ஓர் இணையும் இல்லை. இன்று ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் செய்யும் வேலை இது. வேடிக்கை என்னவென்றால், சொற்களால் எழுதிய இந்த எண்ணில் கடைசிச் சொல்லான 'ஏழு' மட்டும் விடுபட்டிருந்தால் கிழமைச் சோதனை ஏமாந்திருக்கும். 14,49,080உம் திங்களே. அப்போது பிறையைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு ஐயம் நியாயமானது, முழுமையாகத் தீராதது. எண் கழிந்த நாள்களைச் சொல்கிறதா, நடப்பு நாளைச் சொல்கிறதா? முன்னதானால் 866 ஜூலை 8, திங்கள். பின்னதானால் ஜூலை 7, ஞாயிறு. விதியின் இயல்புப்படி கிடைப்பது கழிந்த நாள்கள். நானும் அப்படியே கொண்டேன். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு மேல் வாதிட முடியாது. கிழமையையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்லும் சாசனங்களில்தான் இந்த ஒரு நாள் உறுதியாகும். வரலாற்று நூல்களில் மாற்றிய தேதிகள் ஒரு நாள் வேறுபடும்போது அதை ஆசிரியர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. பல சமயம் இந்த இருபொருளே காரணம்.

6. யாருடைய சித்தாந்தம்?

சிலர் இந்த எண்ணை ஹரிதத்தரின் பரகிதக் கணிதத்துக்கு நேரடிச் சான்றாகக் காட்ட விரும்பக்கூடும். 683இல் திருநாவாயில் மாமாங்கத்தின்போது பரகிதம் நிறுவப்பட்டது என்பது கேரள மரபு. அது ஆரியபடரை அடியொற்றியது. பார்த்திவபுரச் செப்பேடு அதற்கு 183 ஆண்டுகள் பிந்தியது, நிலப்பரப்பும் ஒட்டியது. பொருத்தமாகத் தோன்றும் இந்த இணைப்பை எண் ஆதரிக்கவில்லை. மற்றொரு வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தின் மகாயுகத்தில் நாள்கள் 157,79,17,828. ஆரியபடரைவிட 328 அதிகம். 43,20,000 ஆண்டுகளில் 328 என்றால் 3,967 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு நாளுக்கும் குறைவு. கிழமைத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டு சித்தாந்தங்களும் ஒரே முழு எண்ணைத்தான் தரும். கலிநாளின் பலம் இது: எந்த மடத்துக் கணியர் கணித்தாலும் எண் மாறாது. வரலாற்றாசிரியருக்கு அதுவே இழப்பு. எண்ணைப் பார்த்துக் கணியரின் பள்ளியை அடையாளம் காண முடியாது.

பள்ளியைச் சொல்லாவிட்டாலும் சூழலைச் சொல்ல வேறு சான்றுகள் உண்டு. செப்பேட்டுக்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, 869இல், சேர மன்னன் தாணு ரவியின் ஆதரவில் மகோதயபுரத்தில் சங்கரநாராயணர் பாஸ்கரரின் லகுபாஸ்கரீயத்துக்கு உரை எழுதினார். அங்கே வான்நோக்கிடம் ஒன்று இருந்ததையும் அவ்வுரை குறிப்பிடுகிறது. அகர்க்கணமும் குட்டகமும் அந்த நூலின் மரபுக்கு நடுநாயகமானவை. மகோதயபுரமும் முன்சிறையும் வேறு வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தாலும் ஒரே கடற்கரை. இந்த அளவு நெருக்கம் இருக்கும்போது 14,49,087ஐத் தனித்த விந்தையாகப் பார்க்கத் தேவையில்லை. அதே வேளை, கொல்லம் ஆண்டு 825இலேயே தொடங்கிவிட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 866 ஜூலை என்பது கொல்லம் 41. கையருகே எளிய ஆண்டு இருக்கையில் ஏழிலக்கக் கலிநாளைத் தேர்ந்தது ஏன்? ஆண்டு என்பது ஓர் அரசையோ ஊரையோ சார்ந்தது, எப்போது தொடங்குகிறது என்பதில் இடத்துக்கு இடம் வேறுபடுவது. கொல்லம் ஆண்டே தெற்கில் சிங்கத்திலும் வடக்கில் கன்னியிலும் தொடங்கியது. நாள் எண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நில மாற்றத்தையும் சாலையின் உரிமைகளையும் நிரந்தரமாகப் பதிய நினைத்தவர்கள் ஆட்சி மாறினாலும் பொருள் மாறாத அளவை ஒன்றைத் தேர்ந்தார்கள் என்று கொள்வது பொருந்தும்.

பின்வந்த நூற்றாண்டுகளில் கலிநாள் இந்தக் கரையில் மேலும் வேரூன்றியது. நீலகண்ட சோமயாஜியின் தந்திரசங்கிரகம் தன் தொடக்கத்தில் 16,80,548 என்ற கலிநாளைச் சொற்களுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது, காலம் 1500. மேல்பத்தூர் நாராயண பட்டத்திரியின் நாராயணீயம் முடிந்த நாள் 'ஆயுராரோக்கியசௌக்கியம்' என்ற தொடரில் 17,12,210 ஆக அடங்கியிருக்கிறது; அது 1586 நவம்பரின் இறுதி. எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தரும் கடபயாதி முறை இவ்விரண்டிலும் உண்டு. பார்த்திவபுரத்தில் அந்த நயம் இல்லை. எண் நேரடியாகச் சொற்களில் நிற்கிறது. கவிதைக்கு ஏற்றது ஒன்று, சொத்து ஆவணத்துக்கு ஏற்றது மற்றொன்று.

மீதிக் கணக்கு எவ்வளவு தூரம் போனது என்பதற்குத் தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் போதும். கலிநாளிலிருந்து 16,00,984ஐக் கழி; எஞ்சியதை 12,372ஆல் வகு; மீதியை 3,031ஆல் வகு; அதன் மீதியை 248ஆல் வகு; கடைசி மீதி எதுவோ அந்த எண்ணுள்ள வாக்கியத்தில், அதாவது எண்ணை எழுத்துகளால் குறிக்கும் தொடரில், சந்திரனின் இடம் இருக்கிறது. 248 நாள்களில் சந்திரன் தன் வேகச் சுற்றை ஏறத்தாழ 9 முறை முடிக்கிறது. 3,031இல் 110 முறை. 12,372இல் 449 முறை. 12,372 என்பது நான்கு 3,031களும் ஒரு 248உம் சேர்ந்தது. ஒவ்வொரு படியிலும் பிழை சுருங்குமாறு அமைந்த தொடர்பின்ன நெருக்கம் இது. வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்து 1769இல் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜென்தி இந்தக் கணக்கைத் தமிழர் ஒருவரிடம் கற்றார். 1825இல் ஜான் வாரன் தம் 'காலசங்கலித' நூலில், எழுதாமல் சோழிகளைத் தரையில் அடுக்கியே கிரகணம் கணித்த புதுச்சேரிக் கணியரைப் பற்றிப் பதிந்தார். நம் செப்பேட்டு எண் 16,00,984க்கு முந்தியது. பின்னோக்கி ஓட்டினால் வித்தியாசம் 1,51,897. அதில் பன்னிரண்டு 12,372கள், ஒரு 3,031, ஒரு 248 போக எஞ்சுவது 154. அதை 248இலிருந்து கழித்தால் 94ஆம் வாக்கியம். ஆரியபடரின் சந்திர வேகச் சுற்றைக் கொண்டு தனியே கணித்தாலும் அன்று சந்திரன் அதே கட்டத்தில்தான் நிற்கிறது. நான்கு நூற்றாண்டு இடைவெளியைக் கடந்து இரண்டு கணக்குகளும் ஒத்துப்போவது, கலிநாள் என்ற ஒரே அச்சில் அவை கோக்கப்பட்டிருப்பதால்தான்.

7. எண்ணும் சாலையும்

எல்லாம் சேர்ந்து பார்த்திவசேகரபுரத்துச் சாலையில் வானியல் கற்பித்தார்கள் என்ற முடிவுக்கு நம்மை இழுக்கக்கூடும். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. செப்பேடு 95 இடங்களையும் வேதச் சரணங்களுக்கு, அதாவது வேதக் கிளைகளுக்கு, பகிர்ந்துவிடுகிறது: பவிழியருக்கு 45, தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14. கூட்டினால் 95, கணியருக்கென்று ஓரிடமும் மிச்சமில்லை. வேதச் சரணத்தார் வேள்விக் காலம் அறியச் சோதிடம் கற்றிருப்பார்கள் என்று சொல்லலாம். அது வேதாங்கங்களைப் பற்றிய பொதுவான ஊகமேயன்றி இந்தச் சாலையைப் பற்றிய செய்தி அல்ல. எண்ணைக் கணித்தவர் வேறு, அதைப் பொறித்தவர் வேறு என்பதும் இயல்பு. ஊர்ப் பஞ்சாங்கத்தைக் கேட்டு எழுதியதாகவும் இருக்கலாம். அப்படியானாலும் என் வாதம் குலையாது. பஞ்சாங்கத்தில் கலிநாள் இருந்தது என்றால் அதைக் கணித்து வைத்த கை ஒன்று அருகில் இருந்தது. ஏழால் வகுத்துச் சரிபார்க்கத் தெரிந்த கை. அது முன்சிறைச் சபையாரில் ஒருவருடையதா, ஆய் அரசனின் அவையைச் சேர்ந்ததா என்பதற்கு விடை 14,49,087இன் எந்த மீதியிலும் இல்லை. செப்பேட்டின் பிற வரிகளிலும், முன்சிறைச் சபையைக் குறிப்பிடும் மற்றச் சாசனங்களிலும்தான் அதைத் தேட வேண்டும்.